முட்டை இழக்க வேண்டிய நீர்

இன்குபேட்டரில் வைத்த முட்டை 22-ம் நாளும் பொரிக்கவில்லை என்றால், உடைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கரு கூடாத முட்டையாகவோ, தொடக்கத்திலேயே கெட்ட கூமுட்டையாகவோ இருந்தால் மனம் ஆறிவிடும். ஆனால் இறகு முளைத்து, நகம் வளர்ந்து, ஓட்டை உடைப்பதற்கென்று அலகு நுனியில் முளைக்கும் வெள்ளைப் பல்லும் தயாராகி, முழு வளர்ச்சி அடைந்த குஞ்சு உள்ளேயே செத்துக் கிடந்தால் தாங்க முடிவதில்லை. 20 நாள் எல்லாம் சரியாக நடந்து, கடைசி நாளில் கைவிட்டுப் போன உயிர் அது. அதைச் சுற்றிக் கொழகொழவென்று ஈரம் தேங்கி, முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை சிறுத்துக் கிடந்தால் காரணம் ஏறக்குறைய உறுதி: முட்டையிலிருந்து வெளியேறியிருக்க வேண்டிய நீர் வெளியேறவில்லை. குஞ்சு முதல் மூச்சு இழுக்கப் போதிய காற்று இல்லாமல் ஓட்டுக்குள்ளேயே மூழ்கிவிட்டது.

ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், ராமேசுவரம் கரையோரத்தில் இப்படி நேர்வதற்கான வாய்ப்பு உள்நாட்டு ஊர்களைவிட அதிகம். பெட்டியின் தரத்தையோ முட்டையின் தரத்தையோ குறை சொல்வதற்கு முன்னால், இந்தக் கரையின் காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பெட்டியோடு வரும் தாளில், முதல் நாளிலிருந்தே அடித்தட்டில் தண்ணீர் ஊற்றி ஈரப்பதத்தை 55, 60 சதவீதத்தில் வைக்கும்படி எழுதியிருக்கும். எங்கோ ஒரு குளிர் நாட்டுக்கோ, வறண்ட ஊருக்கோ பொருந்தும் அறிவுரை அது. தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் அதை அப்படியே பின்பற்றினால் தீங்குதான்.

முட்டை ஏன் நீரை இழக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். கோழி முட்டையின் ஓட்டில் சுமார் 10,000 நுண்துளைகள் இருக்கின்றன. கருவுக்கு நுரையீரல் வேலை செய்யத் தொடங்கும்வரை அது சுவாசிப்பது இந்தத் துளைகள் வழியாகத்தான். 21 நாளில் ஒரு முட்டை ஏறக்குறைய 6 லிட்டர் ஆக்சிஜனை உள்ளே இழுத்து, 4.5 லிட்டர் கார்பன் டை ஆக்சைடையும் 11 லிட்டர் நீராவியையும் வெளியே விடுகிறது. ஆக்சிஜனுக்காகத் திறந்து வைத்த கதவு வழியாக நீராவியும் போய்க்கொண்டிருக்கிறது. ஒன்றை மட்டும் அனுமதித்து மற்றொன்றைத் தடுக்கும் வசதி ஓட்டுக்கு இல்லை.

இந்த நீரிழப்பை ஒரு குறையாக நினைக்கத் தோன்றும். உண்மையில் கருவுக்கு அது அவசியம். கரு தன் ஆற்றலைப் பெரும்பாலும் மஞ்சள் கருவிலுள்ள கொழுப்பை எரித்துப் பெறுகிறது. ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் ஏறக்குறைய ஒரு கிராம் நீர் உண்டாகிறது. அதாவது முட்டைக்குள் புதிதாக நீர் சுரந்துகொண்டே இருக்கிறது. எரிந்த கொழுப்பு குறைய, உண்டான நீரும் உள்ளேயே தங்கினால், பிறக்கும் குஞ்சின் உடல் ஊதிப் போகும். இன்னொரு பயனும் உண்டு. வெளியேறிய நீரின் இடத்தைக் காற்று நிரப்புகிறது. அகன்ற முனையில் காற்றறை நாளுக்கு நாள் பெரிதாவது இதனால்தான். 19, 20-ம் நாளில் குஞ்சு உள்சவ்வைக் கொத்தி அந்த அறைக்குள் அலகை நீட்டி, வாழ்நாளின் முதல் மூச்சை இழுக்கிறது. ஓடு உடையும்வரை பல மணி நேரம் அந்தக் காற்றுதான் அதற்கு ஆதாரம்.

முட்டையின் சுவாசத்தைக் கணக்காக்கிக் காட்டியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உடலியல் அறிஞர் ஹெர்மன் ரான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானிகளின் நுரையீரல் அதிக உயரத்தில் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்தவர் அவர். பிற்காலத்தில் அதே கேள்வியை முட்டையிடம் கேட்டார். இஸ்ரேலைச் சேர்ந்த ஆமோஸ் ஆர் உள்ளிட்ட தோழர்களுடன் சேர்ந்து 1974-ல் அவர் வெளியிட்ட ஆய்வு, ஓட்டுத் துளைகள் வழியாக நீராவி கசியும் வேகத்தை அளந்து சொன்னது. பிறகு 1980-ல் ஆரும் ரானும் பல்வேறு பறவை இனங்களின் முட்டைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, சின்ன முட்டையோ பெரிய முட்டையோ, அடைகாலம் நீண்டதோ குறுகியதோ, நீரிழப்பு தொடக்க எடையில் சராசரியாக 15 சதவீத அளவில் இருப்பது தெரிந்தது. காடு, கரை, பாலை என்று எங்கெங்கோ கூடு கட்டும் பறவைகள் இவ்வளவு நெருக்கமான ஓர் அளவுக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பு. கோழிப் பண்ணையாளர்கள் 18-ம் நாள் வரையிலான கணக்காக 12 முதல் 14 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

நீராவி எவ்வளவு வேகமாக வெளியேறும் என்பதை முட்டைக்கு உள்ளும் வெளியும் இருக்கும் நீராவியின் வேறுபாடு தீர்மானிக்கிறது. முட்டைக்குள் எப்போதும் முழு ஈரம். ஆகவே, நம் கையில் இருப்பது வெளியே சூழ்ந்திருக்கும் காற்று மட்டும்தான்.

இந்தக் கரையின் காற்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 37.5 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 45 கிராம் நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் 30 கிராம் தாங்கும். ராமேசுவரத்தில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரண நாளில், ஒரு கனமீட்டர் காற்றில் 24 கிராம் நீராவி இருக்கிறது. அந்தக் காற்று அப்படியே இன்குபேட்டருக்குள் போய் 37.5 டிகிரிக்குச் சூடாகிறது. நீராவி கூடவில்லை, காற்றின் தாங்கும் அளவு மட்டும் கூடியது. 45-க்கு 24 என்றால் 53 சதவீதம். தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே பெட்டிக்குள் 50-ஐத் தாண்டிய ஈரப்பதம் வந்துவிட்டது.

இதே 80 சதவீத ஈரப்பதம் உள்ள ஊட்டிக் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 15 டிகிரி என்றால், ஒரு கனமீட்டரில் இருப்பது 10 கிராம் நீராவிதான். அது பெட்டிக்குள் சூடாகும்போது ஈரப்பதம் 21, 22 சதவீதமாக விழுந்துவிடும். ஊட்டியில் தண்ணீர்த்தட்டு இல்லாவிட்டால் குஞ்சு காய்ந்துபோய் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். வெளியே மீட்டர் இரண்டு ஊரிலும் 80 என்றே காட்டும். பெட்டிக்குள் இரண்டும் வெவ்வேறு உலகம்.

அவ்வளவு தூரம் போவானேன்? மாவட்டத்துக்குள்ளேயே வேறுபாடு உண்டு. கோடை நண்பகலில் கமுதி, பரமக்குடிப் பக்கம் 38 டிகிரி வெயிலும் 35 சதவீத ஈரப்பதமும் இருக்கும் ஒரு நேரத்தை எடுத்துக்கொண்டால், அந்தக் காற்று பெட்டிக்குள் 36 சதவீதம்தான் தரும். அங்கே சிறு கிண்ணம் தண்ணீர் உதவும். பாம்பனில் அதே கிண்ணம் கெடுக்கும். ஒரே பெட்டியை வாங்கிய அக்காவும் தங்கையும், ஒருவர் பரமக்குடியிலும் மற்றவர் பாம்பனிலும் வாழ்க்கைப்பட்டிருந்தால், ஒருவர் சொல்லும் முறை மற்றவருக்கு உதவாது.

மழைக்காலம்தான் ஈரம் மிகுந்த காலம் என்று நாம் நினைப்பதும் இங்கே சரிவராது. கார்த்திகை மழையில் 27 டிகிரி, 85 சதவீதம் என்றால் பெட்டிக்குள் 48 சதவீத அளவு வரும். சித்திரை, வைகாசியில் கடலிலிருந்து வீசும் காற்று 32 டிகிரி, 75 சதவீதம் என்றால் அது 55-ஐத் தொடும். துணி காயாத கார்த்திகையைவிட, உடம்பு கசகசக்கும் வைகாசிதான் இன்குபேட்டர் வைத்திருப்பவர் அதிகம் கவனிக்க வேண்டிய காலம்.

ஆகவே இந்தக் கரையோரத்தில் முதல் 18 நாளுக்கு என் பரிந்துரை எளிது: தட்டில் தண்ணீர் வேண்டாம், காற்றுத் துளைகளை முழுக்கத் திறந்து வையுங்கள், பெட்டியைச் சமையலறையிலோ குளியலறை அருகிலோ வைக்காதீர்கள். அப்படியும் நீரிழப்பு இலக்கின் கீழ் விளிம்பில்தான் நிற்கும். ஏசி அறையில் வைத்தால் கதை மாறிவிடும். 25 டிகிரி, 50 சதவீத ஏசிக் காற்று பெட்டிக்குள் 25 சதவீதமாகிவிடும். அங்கே தண்ணீர் கட்டாயம் தேவை.

சரி, முட்டை சரியான வேகத்தில் நீரை இழக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஈரப்பத மீட்டரைவிட நம்பகமான ஒரு சாட்சி இருக்கிறது. கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு. நாட்டுக்கோழி முட்டை 10 எடுத்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் எழுதி, சேர்த்து நிறுங்கள். மொத்தம் 450 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 18-ம் நாளுக்குள் 12 சதவீதம், அதாவது 54 கிராம் குறைய வேண்டும். நாளொன்றுக்கு 3 கிராம். 7-ம் நாள் தராசு 429 காட்டினால் எல்லாம் சரி. 436 காட்டினால் 14 கிராம்தான் போயிருக்கிறது. மீதமுள்ள 11 நாளில் 40 கிராம் போக வேண்டும். துளைகள் அடைத்திருக்கின்றனவா, அறையில் ஈரம் தேங்குகிறதா, யாராவது அக்கறையாகத் தண்ணீர் ஊற்றிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். 420 காட்டினால் வேகம் அதிகம். சிறு மூடி அளவு தண்ணீர் வைக்கலாம்.

தராசு இல்லாதவர்களுக்கு டார்ச் போதும். இருட்டறையில் அகன்ற முனையில் ஒளியை வைத்தால் காற்றறையின் எல்லை நிழல்கோடாகத் தெரியும். 7, 14, 18-ம் நாள்களில் அந்தக் கோட்டைப் பென்சிலால் ஓட்டின் மேல் வரைந்துவிட வேண்டும். கோடுகள் நன்றாக இறங்கிக்கொண்டே போனால் நல்லது. 14-ம் நாள் கோடு 7-ம் நாள் கோட்டை ஒட்டியே நின்றால் அந்த முட்டை நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. எல்லா முட்டையும் ஒரே மாதிரி இருக்காது. தடித்த ஓடு மெதுவாக இழக்கும், மெல்லிய ஓடு வேகமாக இழக்கும். அதனால் ஒற்றை முட்டையைப் பார்த்து முடிவெடுக்காமல் மொத்தத்தையும் பார்ப்பது நல்லது.

மீட்டரையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் மலிவான மீட்டர்கள் 10 சதவீதம் வரை தவறிச் சொல்வது சாதாரணம். உப்புக் காற்று பட்டால் அவை இன்னும் சீக்கிரம் கெடும். அதைச் சோதிப்பதற்கு இந்த மாவட்டத்திலேயே விளையும் பொருள் ஒன்று போதும். 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள் வாலிநோக்கம், மாரியூர் பக்கம் விரிந்து கிடக்கின்றன. சாப்பாட்டு உப்புக்கு ஒரு நிலையான குணம் உண்டு: மூடிய இடத்தில் ஈர உப்பை வைத்தால் அங்குள்ள காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். அதைவிட அதிகமானால் உப்பு நீரை இழுத்துக்கொள்ளும்; குறைந்தால் நீரை விடும். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் களிபோல ஆகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரையும் அதையும் ஒரு டப்பாவில் வைத்து இறுக மூடுங்கள். அரை நாள் கழித்து மீட்டர் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால், அது எப்போதும் 7 குறைத்துச் சொல்கிறது என்று அறிந்து கூட்டிக்கொள்ளலாம்.

இதற்குச் சுத்திகரித்த தூள் உப்பு வேண்டும். அளத்திலிருந்து நேராக வந்த கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். அந்த மக்னீசிய உப்பு 33 சதவீத ஈரத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். கல்லுப்பு ஜாடி கடலோரத்தில் ஆண்டு முழுக்கக் கசிவதற்கு அதுவே பெரும் காரணம். அதை வைத்துச் சோதித்தால் கணக்கு தவறிப்போகும்.

மீட்டரே இல்லாமலும் அளக்கலாம். இரண்டு தெர்மாமீட்டர் எடுத்து, ஒன்றின் குமிழில் சுத்தமான பருத்தித் திரியைச் சுற்றி அதன் மறுமுனையைத் தண்ணீரில் விட வேண்டும். மின்விசிறி உள்ள பெட்டியில் காய்ந்தது 37.5 டிகிரியும் ஈரமானது 29 டிகிரியும் காட்டினால் ஈரப்பதம் 53 சதவீதம். ஈரமானது 29-க்கு மேலே போகப் போக ஆபத்து.

இந்தக் கரையில் இன்னொரு வகை முட்டையும் அடைகாக்கப்படுகிறது. தனுஷ்கோடி மணலில் பங்குனி ஆமைகள் இடும் முட்டைகளை வனத்துறையினர் சேகரித்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் மீண்டும் மணலுக்குள் புதைத்துக் காக்கிறார்கள். ஒரு குழியில் நூறு முட்டை அளவில் இருக்கும். பொரிக்க 45 நாளுக்கு மேல் ஆகும். ஆமை முட்டையின் ஓடு தோல்போல நெகிழும். அது சுற்றியுள்ள ஈர மணலிலிருந்து நீரை உள்ளே உறிஞ்சும். மணல் காய்ந்தால் அதற்குக் கேடு. கோழி முட்டையை ஒரு நாளைக்குப் பல முறை திருப்பிவிட வேண்டும், இல்லையேல் கரு சவ்வோடு ஒட்டிவிடும். ஆமை முட்டையில் கரு ஒட்டி வளர்வதே இயல்பு என்பதால், இட்ட சில மணி நேரத்துக்குப் பிறகு அதைப் புரட்டவே கூடாது. ஒரே கடற்காற்று, ஒரே வெயில். ஒன்று நீரைக் குடித்து வளர்கிறது, மற்றொன்று நீரை விட்டு வளர்கிறது. முட்டை என்றாலே ஈரம் வேண்டும் என்ற பொதுவான எண்ணம் ஆமைக்குப் பொருந்தும், கோழிக்குப் பொருந்தாது.

கோழி முட்டை பெட்டிக்குப் போவதற்கு முந்தைய கட்டத்திலும் கடற்காற்று ஒரு கெடுதல் செய்கிறது. 30 டிகிரி, 80 சதவீதக் காற்றில் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் நீர் படியும். ஃபிரிட்ஜிலிருந்தோ ஏசி வண்டியிலிருந்தோ எடுத்த முட்டை திண்ணைக்கு வந்தவுடன் வியர்ப்பது இதனால்தான். அந்த நீர்ப்படலத்தில் நீந்தி வரும் கிருமிகள் நுண்துளைகள் வழியாக உள்ளே போய்விடும். ஈரத்துணியால் துடைப்பது அவற்றை இன்னும் உள்ளே தள்ளும். குளிர்ந்த முட்டையைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, அறை வெப்பத்துக்கு வரும்வரை பிரிக்காமல் வைத்தால் நீர் பையின் மேல்தான் படியும், ஓட்டின் மேல் படியாது.

குளிர வைக்காமல் அப்படியே வைத்தாலோ வேறு சிக்கல். 21 டிகிரிக்கு மேல் போனாலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும். 30 டிகிரித் திண்ணையில் அது விழித்தும் விழிக்காமலும் கிடந்து பலவீனமாகும். மணலில் பாதி புதைத்து, மணலை நனைத்துவிட்ட மண்பானையில் முட்டை சேமிக்கும் வழக்கம் நல்லதுதான். ஆனால் நீர் ஆவியாவதால் கிடைக்கும் குளிர்ச்சிக்கு எல்லை உண்டு. பரமக்குடியின் 38 டிகிரி வறண்ட பகலில் பானை 25 டிகிரி வரை இறங்க முடியும். பாம்பனின் 30 டிகிரி ஈரப் பகலில் 27-க்குக் கீழே போகாது. ஆகவே கரையோரத்தில் கோடையில் மூன்று, நான்கு நாளுக்கு மேல் முட்டையைச் சேர்த்து வைக்காமல், இருப்பதை அடைக்கு வைத்துவிடுவதே நல்லது. ராமநாதபுரத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. முட்டைத் தேர்வு, சேமிப்பு பற்றி ஐயம் உள்ளவர்கள் அங்கே போய்க் கேட்கலாம்.

18-ம் நாள் முடிந்ததும் விதி தலைகீழாகிறது. இனி முட்டையைத் திருப்பக் கூடாது. ஈரப்பதம் 65-லிருந்து 70 வரை உயர வேண்டும். இத்தனை நாள் வேண்டாம் என்று ஒதுக்கிய தண்ணீர்த்தட்டு இப்போது வேண்டும். குஞ்சு ஓட்டைக் கொத்தியதும் சவ்வு வெளிக்காற்றில் பட்டுக் காயும். காய்ந்த சவ்வு ரப்பர்போல இறுகிக் குஞ்சைப் பிடித்துக்கொள்ளும். அது சுற்றித் திரும்பி ஓட்டை வட்டமாக வெட்ட முடியாது. ஈரப்பதத்தைக் கூட்டுவதற்குத் தட்டின் ஆழம் உதவாது, நீர்ப்பரப்பின் அகலம்தான் உதவும். ஆழமான டம்ளரைவிட அகன்ற தட்டும், அதில் நிற்கும் ஒரு துண்டு ஸ்பாஞ்சும் நன்றாக வேலை செய்யும். கரையோரத்தில் ஏற்கெனவே 53-ல் நிற்பதால், ஒரு சிறு தட்டே போதுமானதாக இருக்கும்.

முதல் கீறல் விழுந்ததிலிருந்து குஞ்சு வெளியே வர 12 மணியிலிருந்து 24 மணி நேரம் ஆகலாம். இந்த நேரத்தில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசைதான் பெரிய எதிரி. திறந்தால் சூடும் ஈரமும் ஒருசேர வெளியேறி, கொத்திக்கொண்டிருக்கும் குஞ்சுகளின் சவ்வு காய்ந்துவிடும். ஓட்டைப் பிய்த்து உதவுவதும் கூடாது. சவ்விலுள்ள இரத்தக் குழாய்கள் வற்றி, மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு முடியும்வரை குஞ்சு ஓய்வெடுக்கிறது. அதற்கு முன் பிய்த்தால் இரத்தம் கசியும்.

முதல் சில குஞ்சுகள் வெளிவந்ததும் அவற்றின் நனைந்த மயிரிலிருந்து நீராவி எழும்பி மீட்டர் 80-ஐத் தாண்டும். பதற வேண்டாம். மூடியைத் திறக்காமல் காற்றுத் துளையை மட்டும் இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டால் போதும். வயிற்றுக்குள் இழுத்த மஞ்சள் கருவை வைத்துக் குஞ்சு 2 நாள் தீனியும் தண்ணீரும் இல்லாமல் தாங்கும் என்பதால், பின்தங்கிய முட்டைகளுக்காகக் காத்திருப்பதில் தவறில்லை. மயிர் உலர்ந்து, தொப்புள் மூடிய பிறகு எல்லாவற்றையும் ஒரே முறையில் எடுத்து, உமி பரப்பிய பெட்டிக்கு மாற்றி, முதல் வாரம் 35 டிகிரிச் சூட்டில் வையுங்கள். அதற்குப் பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம்.